மிசினு நடக்குதா, புள்ள நடக்குதா?

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஐந்து வயசுப் பெண் குழந்தை. இடுப்பிலிருந்து பாதம் வரை வெள்ளை பிளாஸ்டிக் கவசம், மூட்டுக்கு மூட்டு மோட்டார். பக்கத்தில் பிசியோதெரபிஸ்ட் அக்கா டேப்லெட்டும் கையுமாக நிற்கிறார். ஒரு தட்டு தட்டுகிறார். ஙொய்ங் என்று சத்தம். வலது கால் எழுகிறது, முன்னே போகிறது, தரையைத் தொடுகிறது. அப்புறம் இடது கால். பின்னணியில் யாரோ உருகி உருகி பியானோ வாசிக்கிறார்கள். எதிரே அம்மா முட்டி போட்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அழுகிறாள். நமக்கும் தொண்டை அடைக்கிறது. நாலு பேருக்கு ஃபார்வர்ட் பண்ணிவிட்டுக் காபி குடிக்கப் போகிறோம்.

இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது அந்த வீடியோவைத்தான். வீடியோவையும், அதில் நடிக்கும் மிஷினையும்.

முதலில் திரைக்கதை. நம்ம ஊர் ஆட்களுக்கு இது புதுசே இல்லை. கால் விளங்காத கதாநாயகி, அம்மன் சன்னதி, அடியாட்கள், காற்று, மழை. கோயில் மணியெல்லாம் தானாக அடிக்கும். அவள் சக்கர நாற்காலியை விட்டு எழுந்து நடப்பாள். தியேட்டரில் கற்பூரம் கொளுத்துவார்கள். அம்மன் இருந்த இடத்தில் இப்போது மோட்டார் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். க்ளைமாக்ஸ் முடிந்து விளக்குப் போட்டதும் அந்தப் பெண் மறுநாள் காலை எப்படி பாத்ரூம் போனாள் என்று எந்தப் படமும் காட்டியதில்லை. இந்த வீடியோவும் காட்டவில்லை.

கேலி போதும். மிஷின் நிஜம், அதைச் செய்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை.

ஸ்பெயினில் எலேனா கார்சியா அர்மாதா என்று ஒரு எஞ்சினீயர். தொழிற்சாலை ரோபோக்களைச் செய்துகொண்டிருந்தவரிடம், கார் விபத்தில் கை கால் செயலிழந்த ஒரு சின்னப் பெண்ணின் பெற்றோர் வந்து, எங்கள் குழந்தைக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் அட்லஸ் 2030. குழந்தைகள் உடம்பில் மாட்டிக்கொள்ளும் எலும்புக்கூடு மாதிரியான கருவி. 2021-ல் ஐரோப்பாவில் விற்பதற்கான சான்றிதழ் கிடைத்தது. 2022-ல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருதில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தரும் பரிசும் வந்தது. கனடாவில் ட்ரெக்ஸோ என்று இன்னொன்று. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படித்த இரண்டு இந்திய வம்சாவளி இளைஞர்கள் ஆரம்பித்த கம்பெனி. ஒருவருடைய உறவுக் குழந்தைக்கு, இங்கே இந்தியாவில், செரிப்ரல் பால்ஸி. அந்தக் குழந்தைக்காக ஆரம்பித்த வேலை கம்பெனியாக வளர்ந்தது. இவர்களுக்கெல்லாம் பெரியண்ணன் சுவிட்சர்லாந்தின் லோகோமாட். அதைத் தூக்கிக்கொண்டு எங்கும் போக முடியாது. ட்ரெட்மில்லுக்கு மேலே சேணம் கட்டிக் குழந்தையைத் தொங்கவிட்டு, இரண்டு ரோபோ கால்களை அதன் கால்களோடு இணைத்து நடத்துவார்கள். இருபது வருஷத்துக்கு மேலாகப் பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது.

கேரளத்தில் ஜென்ரோபாட்டிக்ஸ் என்ற கம்பெனி ஜி-கெய்ட்டர் என்று ஒரு நடைப்பயிற்சி ரோபோ செய்திருக்கிறது. பாதாளச் சாக்கடையில் மனிதன் இறங்காமலிருக்க பண்டிகூட் என்று ஒரு மிஷின் வந்ததே, அதே ஆட்கள். (என்னைக் கேட்டால் பண்டிகூட்டுக்குத்தான் முதல் மார்க். அது இன்னொரு வாரம்.)

இந்த விஷயத்தை எங்கே வைத்துப் பார்ப்பது? ஏ.சி. ரூமில் வழவழ தரையில் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். கொல்லிமலையில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. தமிழனின் முதல் ரோபோ அங்கேதான் இருந்தது.

கொல்லிப்பாவையைச் சொல்கிறேன். நற்றிணை, குறுந்தொகையிலேயே வருகிறாள். தெய்வம் செய்துவைத்த பெண்ணுருவம். காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், பூமியே நடுங்கினாலும் அழகு குலையாமல் நிற்பவள். பின்னால் வந்த கதைகளில் அவளுக்கு அசைவும் வந்துவிட்டது. மலையில் ஏறி வரும் அசுரர்களைப் பார்த்துச் சிரிப்பாள், மயங்கிக் கிட்டே வந்தால் கதை முடிந்தது. சென்சார், மோட்டார், புரோகிராம் எல்லாம் நம் முன்னோர்களுக்குத் தெரியும் என்று வாட்ஸ்அப் வரலாறு எழுத நான் தயாரில்லை. ஆனால் தானாக அசையும் ஒரு பாவை நம்மை மயக்கும் என்பது மட்டும் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

காரவள்ளியில் அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. மேலே போனால் பலா, அன்னாசி, மிளகு, காபி, கொஞ்சம் சாமை, தினை. செம்மேட்டிலிருந்து நாமக்கல் 50 கிலோமீட்டருக்கு மேல். தூரம் பெரிசில்லை, ஆனால் தலை நிற்காத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்த 70 வளைவையும் பஸ்ஸில் இறங்கிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் குழந்தை ஒரு பக்கமாகச் சரியும். உடம்பு விறைக்கும். பாதி வழியில் வாந்தி. வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபிக்குக் கூட்டிட்டு வாங்கம்மா என்று டவுனில் எழுதிக் கொடுக்கிறார்களே, அந்தச் சீட்டில் இந்த வளைவுகள் இருப்பதில்லை.

செம்மேட்டில் பஸ்ஸுக்காக நின்றபோது ஒரு அம்மா. இடுப்பில் எட்டு வயசுப் பையன். எட்டு வயசுப் பையனை இடுப்பில் வைத்துப் பாருங்கள், அப்போது தெரியும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் தங்கச்சி அனுப்பியதாகச் சொல்லி போனை நீட்டினார். அதே வீடியோ. அதே பியானோ.

"ஏனுங்க, இந்த மிசினு நம்மூருக்கெல்லாம் வருமாங்க?"

"வெளிநாட்டுச் சாமானுங்க. விலை ரொம்ப ஜாஸ்தி."

"அது கெடக்கட்டுங்க. எனக்கு ஒண்ணு வெளங்கலீங்க. இதுல மிசினு நடக்குதுங்களா, புள்ள நடக்குதுங்களா?"

எத்தனையோ பிரஸ் மீட் பார்த்திருக்கிறேன். இவ்வளவு நேராக ஒரு கேள்வியை நிருபர்கள் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வியும் இதுதான். செரிப்ரல் பால்ஸியில் கோளாறு காலில் இல்லை, மூளையில். வளர்கிற மூளைக்குப் பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ ஏற்பட்ட சேதம். குறைமாதப் பிறப்பு, மூச்சுத் திணறல், நோய்த்தொற்று, கவனிக்காமல் விட்ட கடுமையான மஞ்சள் காமாலை என்று பல காரணம். 1861-லேயே லண்டன் டாக்டர் வில்லியம் லிட்டில், கஷ்டமான பிரசவம்தான் காரணம் என்று எழுதினார். பிரசவம் கஷ்டமானதே குழந்தைக்கு ஏற்கெனவே இருந்த கோளாறால் இருக்கலாமே என்று பிற்பாடு திருப்பிக் கேட்டவர் யார் தெரியுமா? சிக்மண்ட் ஃப்ராய்ட். கனவுக்கு அர்த்தம் சொல்ல ஆரம்பிப்பதற்கு முன் அவர் குழந்தைகளின் நரம்பு நோய்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

மூளை நடக்கக் கற்றுக்கொள்வது எப்படி? தடுமாறி, விழுந்து, அடுத்த தடவை கொஞ்சம் திருத்திக்கொண்டு. நம் வீட்டு ஒரு வயசுக் குட்டி ஒரு நாளைக்கு எத்தனை தடவை பொத்தென்று உட்காருகிறது! அந்த விழுதல்தான் பாடம். ரோபோ காலைப் பிடித்துத் தூக்கி, சரியான கோணத்தில் சரியான நேரத்தில் வைத்துவிட்டால் தப்பு நடக்க வழியே இல்லை. தப்பு இல்லாத இடத்தில் குழந்தை எதைக் கற்கும்? பரீட்சையில் பக்கத்து பெஞ்ச் பையன் கையைப் பிடித்து எழுதிக் கொடுத்த மாதிரி. பேப்பர் நிரம்பும், மார்க் கூட வரும்.

இது தெரிந்துதான் இப்போதைய மிஷின்களில், தேவையான அளவுக்கு மட்டும் உதவு என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். லோகோமாட்டில் மிஷினின் வழிகாட்டலை 100 சதவிகிதத்திலிருந்து படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வரலாம். குழந்தை முயற்சி எடுத்தால் மிஷின் ஒதுங்கும். நல்ல யோசனை. ஆனால் அந்தத் திருகைத் திருப்ப, இந்தக் குழந்தைக்கு இன்றைக்கு எவ்வளவு என்று முடிவு பண்ண, அனுபவப்பட்ட தெரபிஸ்ட் வேண்டும். பிசியோதெரபிஸ்ட் இல்லாத குறையைத் தீர்க்க மிஷின் வாங்குகிறோம் என்று எந்த மந்திரியாவது சொன்னால் கவனமாகக் கேளுங்கள். மிஷின் வந்தால் இன்னும் நல்ல தெரபிஸ்ட்தான் தேவைப்படுவார்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? சில குழந்தைகளுக்கு நடை வேகம், நிற்கும் திறன் கூடியிருக்கிறது. ஆனால் அதே நேரத்தை நல்ல பிசியோதெரபியில் செலவழித்தால் கிடைப்பதை விட ரோபோ நிச்சயமாக மேல் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு வலுவான ஆதாரம் இன்னும் சேரவில்லை. நிறைய ஆய்வுகள் சின்னச் சின்ன எண்ணிக்கையிலான குழந்தைகளை வைத்துச் செய்தவை.

வீடியோ சொல்லாமல் விடும் இன்னொன்று. செரிப்ரல் பால்ஸி என்பது ஒரே மாதிரி நோய் இல்லை. நடமாட்டத்தை வைத்து ஐந்து படியாகப் பிரித்திருக்கிறார்கள். 1997-ல் கனடாவில் வகுத்த அளவுகோல், உலகம் பூராவும் புழக்கத்தில் இருக்கிறது. முதல் படிக் குழந்தை ஓடும், படி ஏறும், கொஞ்சம் நளினம் குறையும். ஐந்தாம் படிக் குழந்தைக்குத் தலை நிற்பதே பாடு. நடக்கும் குழந்தை மிஷினோடு நடப்பதையும், உட்காரவே முடியாத குழந்தை மிஷினோடு நடப்பதையும் ஒரே பியானோவில் காட்டினால் எப்படி? 2002-ல் வெளிவந்த இன்னொரு கனடா ஆய்வு, உடம்பு அசைவுகளில் ஒரு குழந்தை எட்டக்கூடியதில் 90 சதவிகிதத்தை ஐந்து வயசுக்குள்ளேயே எட்டிவிடுகிறது என்று காட்டியது. கடுமையான பாதிப்பு என்றால் மூன்று வயசுக்குள்ளேயே. அதாவது காசையும் கவனத்தையும் கொட்ட வேண்டிய காலம் முதல் சில வருஷங்கள். நம் ஊரில் அந்த வருஷங்கள் எப்படிப் போகின்றன? "ஆம்பளப் புள்ள, லேட்டாத்தான் நடக்கும்", "மாமனும் இப்படித்தான், மூணு வயசுலதான் பேசுனான்." அதிலேயே இரண்டு வருஷம் காலி.

சரி, கணக்குக்கு வருவோம். பி.காம். படித்தவனுக்கு இந்த இடத்தில்தான் கை பரபரக்கும்.

ட்ரெக்ஸோவின் விலை 30,000 அமெரிக்க டாலருக்கு மேல். 25 லட்ச ரூபாயைத் தாண்டும். லோகோமாட் கோடிக்கணக்கு. கடுமையான பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிக்குத் தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். 25 லட்சத்தை 2,000-ஆல் வகுத்தால் 1,250 மாதம். 104 வருஷம் 2 மாதம். அந்தப் பையன் பிறந்த அன்றிலிருந்து ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தால் 104 வயசில் குழந்தைகளுக்கான மிஷின் வாங்கலாம். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்ல திட்டம். அதன் உச்சவரம்பு ஒரு லட்சம்.

தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. சாதாரணமாக மிஷின் தேயும், அதைக் கணக்கில் எழுதுவோம். இங்கே கதை வேறு. மிஷின் அப்படியே இருக்கும், குழந்தை வளர்ந்துவிடும். குழந்தைகளுக்கான லோகோமாட்டில் தொடை நீளம் 21 சென்டிமீட்டரிலிருந்து 35 வரை இருந்தால்தான் பொருந்தும். அதற்கு மேல் வளர்ந்தால் பெரியவர்கள் மிஷின். அட்லஸும் சின்னப் பிள்ளைகளுக்குத்தான். தீபாவளி டிரஸ் மாதிரி அடுத்த வருஷம் பத்தாமல் போகும் பொருளை வீட்டுக்கு ஒன்று வாங்குவதில் அர்த்தமே இல்லை. மாவட்டத்துக்கு ஒன்று, பல குழந்தைகள் மாறி மாறி என்றால் கணக்கு கொஞ்சம் படியும். ஆனால் உடனே அந்த 70 வளைவு வந்து நிற்கும்.

அப்படியானால் மிஷின் தண்டமா? இல்லை. குழந்தையை நிமிர்த்தி நிற்க வைப்பதில் நிஜமான நன்மை இருக்கிறது. எலும்பில் எடை இறங்கும், மலச்சிக்கல் குறையலாம், எல்லாருடைய முகத்தையும் நேருக்கு நேர் பார்க்கும் சந்தோஷமும் உண்டு. எப்போதும் முழங்கால்களையே பார்த்து வளரும் குழந்தைக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் நிற்க வைக்க மோட்டார் வேண்டுமா? டேவிட் வெர்னர் மெக்ஸிகோ கிராமங்களில் மாற்றுத்திறனாளிகளோடு சேர்ந்து செய்து பார்த்து 1987-ல் போட்ட தடிமன் புத்தகம் ஒன்று உண்டு. கம்புகளை நட்டுப் பிடித்து நடக்கும் வழி, சாய்ந்து நிற்கும் பலகை, மூலையில் உட்காரும் நாற்காலி என்று படம் போட்டுச் சொல்லியிருப்பார். தச்சரும் கம்பும் இல்லாத ஊரா கொல்லிமலை?

மோட்டாரை விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு எக்ஸ்ரே. செரிப்ரல் பால்ஸி உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல விலகும். ஆரம்பத்தில் வலிக்காது, வெளியே தெரியாது. தெரியும்போது பந்து கிண்ணத்தை விட்டே வெளியே போயிருக்கும். அப்புறம் உட்கார்ந்தால் வலி, படுத்தால் வலி, துணி மாற்றினால் வலி. பேச முடியாத குழந்தை என்றால் ராத்திரி பூரா அழும், ஏன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தெற்கு ஸ்வீடனில் 1994-ல் ஒரு காரியம் செய்தார்கள். செரிப்ரல் பால்ஸி உள்ள எல்லாக் குழந்தைகளையும் ஒரே பதிவேட்டில் சேர்த்து, முறை வைத்து இடுப்பை எக்ஸ்ரே எடுத்து, விலக ஆரம்பித்ததுமே வைத்தியம் பார்த்தார்கள். மூட்டு முழுக்கக் கழன்றுபோவது அங்கே கிட்டத்தட்ட இல்லை என்றே ஆகிவிட்டது. மோட்டார் இல்லை, ஙொய்ங் சத்தம் இல்லை. ஒரு பதிவேடு, ஒரு எக்ஸ்ரே, ஞாபகமாகக் கூப்பிட ஒரு ஆள். இதற்கு யாரும் பியானோ வாசித்து வீடியோ போட்டதாகத் தெரியவில்லை. இடுப்பு எக்ஸ்ரேயைப் பார்த்து எந்த அம்மா ஆனந்தக் கண்ணீர் விடப் போகிறாள்?

நம்மிடமே ஆள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம். 1981-ல் ஆரம்பித்த எஸ். ராமகிருஷ்ணன், இளம் வயதில் கடற்படைத் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 2020-ல் பத்மஸ்ரீ வந்தது. அவருக்குத் தோள் கொடுத்த எஸ். சங்கரராமன் ஒரு சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட், அவரும் சக்கர நாற்காலியில் இருப்பவர். (எங்கள் ஜாதி என்று பெருமைப்பட வாய்ப்பு அபூர்வமாகத்தான் கிடைக்கிறது.) இவர்களும் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தினார்கள். எப்படி? உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, கையில் ஒரு ஆப் கொடுத்து, வீடு வீடாக அனுப்பினார்கள். குழந்தை இன்றைக்கு என்ன செய்தது என்று அவர்கள் பதிவார்கள். தெரபிஸ்ட் பார்த்து அடுத்து என்ன என்று சொல்வார். அம்மா கற்றுக்கொள்வார். 70 வளைவையும் இறங்க வேண்டியது குழந்தை இல்லை, தகவல். தொழில்நுட்பம் என்றால் எனக்கு இதுதான் தொழில்நுட்பம்.

சென்னை ஐ.ஐ.டி.யில் சுஜாதா ஸ்ரீனிவாசன் நடத்தும் ஆய்வு மையம் 2019-ல் அரைஸ் என்று, உட்கார்ந்தபடியே எழுந்து நிற்கவும் உதவும் சக்கர நாற்காலியை வெளியிட்டது. விலை 15,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். என்ன செய்ய முடியும் என்று மட்டும் பார்க்காமல் எவ்வளவுக்குச் செய்ய முடியும் என்று பார்த்து வரைந்த எஞ்சினீயரிங். குழந்தைகளுக்கான நடைக்கருவியும் அங்கிருந்தோ, கேரளத்திலிருந்தோ அந்த மனசோடு வந்தால் நானே போய் வாசலில் நின்று விமர்சனம் எழுதுவேன்.

கடைசியாக ஒரு முரட்டுக் கேள்வி. எல்லாரும் நடந்தே தீர வேண்டுமா?

மாலினி சிப் என்று ஒருவர். அவர் பொருட்டுத்தான் அவருடைய அம்மா மிது அலூர் 1972-ல் மும்பையில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியைத் தொடங்கினார். மாலினி லண்டனில் போய் மேற்படிப்பு படித்தார். ஒற்றைச் சுண்டு விரலால் தட்டித் தட்டிச் சுயசரிதை எழுதி 2011-ல் வெளியிட்டார். அவருடைய வாழ்க்கையைத் திறந்துவிட்டது பேட்டரி சக்கர நாற்காலியும், அது ஏறிப்போகச் சாய்தளம் இருந்த ஊரும். கொல்கத்தாவின் ஜீஜா கோஷை 2012-ல் விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு இறக்கிவிட்டார்கள். காரணம் செரிப்ரல் பால்ஸி. ஒரு கருத்தரங்கில் பேசப் போய்க்கொண்டிருந்தவர். 2016-ல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. அவருக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது ரோபோ கால் இல்லை, காசு கொடுத்து வாங்கிய சீட்.

2019-ல் வந்த ராமின் 'பேரன்பு' ஞாபகம் இருக்கும். அந்த மகள் கடைசி வரை அப்படியேதான் இருக்கிறாள், அப்பன்தான் மாறுகிறான். மணி அடிக்காத படம்.

செம்மேட்டு அம்மாவுக்கு நான் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். மிஷின் பாதி நடக்கும், புள்ள பாதி நடக்கும். எந்தப் பாதி எவ்வளவு என்பது பக்கத்தில் நிற்கும் ஆளைப் பொறுத்தது என்றேன். பையனுக்கு இடுப்பை எப்போதாவது எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேட்டேன்.

"இல்லீங்க. காலத்தான் பாப்பாங்க. இடுப்ப எதுக்குங்க?"

சொன்னேன். நாமக்கல்லில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, எலும்பு டாக்டரிடம் கேளுங்கள் என்றும் சொன்னேன். பையன் பேச்சைக் கேட்டுக்கொண்டே என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் குறி வைத்துக் கையை நீட்டினான். மூன்றாவது தடவையில் பிடித்துவிட்டான்.